வகுப்பு அழுதால் பாடம் வெற்றியா? வரலாறு, நன்னெறி, குடியியல் ஆசிரியர்களுக்கான இழை

ஜெலுத்தோங் டீச்சர் (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம்.

சயாம் மரண இரயில் (போரின்போது ஜப்பானியர் போர்க்கைதிகளையும் மலாயாத் தோட்டத் தொழிலாளர்களையும் வைத்துப் போட்ட சயாம்-பர்மா பாதை) பற்றிய நாள் பாடத்திட்டங்கள் ஆசிரியர் குழுக்களில் நிறையச் சுற்றுகின்றன. பலவும் ஒரே அச்சு. பீடிகைக்கு, அதாவது பாடத்தின் தொடக்கத்துக்கு, எலும்பும் தோலுமாக நிற்கும் மனிதர்களின் படம், பின்னணியில் சோக இசை. பிறகு "எப்படி உணர்கிறீர்கள்?" என்ற கேள்வி. "கவலையாக இருக்கிறது டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்வதற்குள் மணி அடித்துவிடும். பாடம் முடிந்து எழுதும் சிந்தனை மீட்சியில் "மாணவர்கள் நெகிழ்ந்தனர், நோக்கம் நிறைவேறியது" என்று எழுதிவிடுகிறோம். நெகிழ்ந்தார்கள், சரி. எதைக் கற்றார்கள்?

இன்னொரு வகைப் பாடமும் இருக்கிறது. 415 கிலோமீட்டர், 1942இல் தொடக்கம், 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன என்பதோடு முடிந்துவிடும். தோட்டத்திலிருந்து போன ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

இரண்டுமே வேண்டாம் என்று நினைக்கிறேன். சமூகக் கல்வியில் உணர்வை எந்த நிமிடத்தில் உள்ளே விடுவது, எதோடு கட்டிப்போடுவது, எப்படி இறக்கி வைப்பது? செய்முறையாகச் சொல்லுங்கள்.

செந்தூல் வாத்தியார் (கோலாலம்பூர்)

நல்ல கேள்வி டீச்சர். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உணர்வை வெளியே நிறுத்திவிட்டால் பாடம் அறிவார்ந்ததாகிவிடும் என்ற எண்ணம் தவறு. மூளையின் முன்பகுதியில் சேதமடைந்த சிலரைப் பற்றி நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ 1994இல் எழுதினார். அவர்களுக்குக் கணக்கும் தர்க்கமும் நன்றாகவே வந்தன. ஆனால் அன்றாட வாழ்க்கையில் ஒரு முடிவெடுக்கத் திணறினார்கள். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று எடைபோடுவதே உணர்வுதான். குடியியல் என்பது முழுக்க முழுக்க இந்த எடைபோடுகிற வேலை.

இனி நேரக் கணக்கு. இரண்டு பாடவேளை சேர்ந்து 60 நிமிடம் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம். பீடிகை 5 நிமிடம், அதில் உணர்வைக் கிளறும் படம் வேண்டாம், ஒரு பொருளோ வரைபடமோ போதும். ஆதாரங்களைப் படிக்க 20 நிமிடம். உணர்வுக்குப் பெயர் வைத்து, அதன் காரணத்தை ஆதாரத்தில் தேட 15. அது கிளப்பும் கேள்வியை இன்றைய குடியுரிமையோடு சேர்க்க 12. இறக்கி வைக்க 8. கடைசி 8 நிமிடத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. கனமான பாடம் மணியோடு அறுந்தால், அந்தக் கனம் அடுத்து வரும் கணித ஆசிரியர் தலையில் விழும், அல்லது பிள்ளையோடு வீட்டுக்குப் போகும்.

30 நிமிடம்தான் கிடைத்தது என்றால் அன்று ஆதாரத்தோடு நிறுத்துங்கள். கடைசி 10 நிமிடத்தில் புதிதாக ஓர் உணர்வைத் திறக்கக்கூடாது.

மெய்ப்பாடு (பினாங்கு)

வாத்தியார் ஐயா சொன்ன அந்த நடு 15 நிமிடத்துக்கு நம் மொழியிலேயே ஒரு கருவி இருக்கிறது.

தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாட்டை, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்வைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை. இதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எட்டில் ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், அதாவது அது பிறக்கும் காரணம், சொல்லியிருப்பதுதான் நமக்கு வேண்டியது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. வெகுளிக்கு உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. எட்டுக்கு நான்காக 32. உணர்வு அந்தரத்தில் நிற்பதில்லை, அதற்குக் கீழே ஒரு காரணம் கிடக்கிறது என்பதே இதன் அமைப்பு.

வகுப்பில் இதை வைத்துப் பாருங்கள். பையன் "கவலை" என்கிறான். அதோடு விடாமல் "எந்த அழுகை?" என்று கேளுங்கள். அப்பாவை இழந்த குடும்பத்தை நினைத்தா? அது இழவு. சோறில்லாமல் கிடந்ததை நினைத்தா? வறுமை. தோட்டத்தில் ஒரு நிலையில் இருந்தவர் காட்டு முகாமில் கிடந்ததையா? அசைவு. பிறர் அவரை மனிதனாகவே மதிக்காததையா? இளிவு. நான்குக்கும் தேட வேண்டிய ஆதாரம் வேறு வேறு. "கவலை" என்ற ஒற்றைச் சொல் எந்த ஆதாரத்துக்கும் வழி காட்டாது.

ஓர் எடுத்துக்காட்டு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் அடக்கம். வரிசை வரிசையாகக் கற்கள், பெரும்பாலானவற்றில் பெயர். அதே பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு. அவர்களுக்கு அப்படி ஒரு பெயர் வரிசை கிடையாது. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இன்றுவரை மதிப்பீடுதான். கல்லறைப் படத்தை முதலில் காட்டுங்கள். பிறகு "இதில் தோட்டத்து ஆட்கள் எங்கே?" என்ற ஒரே கேள்வி. வகுப்பு தானாக அமைதியாகும். இப்போது எழுவது இளிவு. அது உடனே "ஏன்?" என்று கேட்க வைக்கும். படைவீரனுக்குப் பதிவேடு இருந்தது, அவனைத் தேடி எடுக்க ஓர் அரசு இருந்தது. தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. பெயர்ப் பதிவு என்பது குடியுரிமையின் முதல் படி என்பதைப் பிள்ளை அந்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். அடையாள அட்டை, வாக்காளர் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் வாசல் அங்கிருந்துதான்.

படிவம் நான்கு (கோலாலம்பூர்)

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொல்காப்பியம் சொல்வது செய்யுளுக்கான மெய்ப்பாடு. குடிகோள், உறுப்பறை என்றால் பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன புரியும்? இடைநிலைப் பள்ளியில் பாடமே மலாய் மொழியில். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழுக்கு 2013 முதல் வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம். படிவம் 4இல் ஜப்பானிய ஆட்சி ஒரு முழு அத்தியாயம், முடிக்கவே நேரம் பற்றாது. இதில் 15 நிமிடம் உணர்வுக்கா?

மெய்ப்பாடு

செய்யுளுக்குச் சொன்னதுதான், மறுக்கவில்லை. எட்டு உணர்வுக்கும் அதுவே முடிவான பட்டியல் என்றும் சொல்லவில்லை. "உணர்வு, அதன் களன்" என்ற ஜோடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் ஆண்டுக்குப் பழஞ்சொல் வேண்டாம். இழந்தது, அவமானம், நிலை தாழ்ந்தது, இல்லாமை என்று நான்கு அட்டை போதும். கோபத்துக்கு உடலைச் சிதைத்தது, நம்மவரைக் கெடுத்தது, அடித்து விரட்டியது, கொன்றது. இடைநிலையில் அதையே மலாயில் எழுதிக்கொள்ளலாம்.

தேர்வைப் பற்றி: கட்டுரைக் கேள்வியின் கடைசிப் பகுதி பெரும்பாலும் கருத்தும் படிப்பினையும் கேட்கும். அங்கே "நாம் நாட்டை நேசிக்க வேண்டும், ஒற்றுமையாக இருக்க வேண்டும்" என்ற தேய்ந்த வரிகள் வருவதற்குக் காரணம், பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு காரணம் கிடைக்காததுதான். களனைப் பிடித்துப் பழகியவன் எழுதும் கருத்தில் ஒரு "ஏனென்றால்" இருக்கும். 15 நிமிடம் வீண்போகாது சார்.

பாயான் பாரு (பினாங்கு)

பினாங்கு ஆசிரியர்கள் சயாமுக்குப் போகாமலே இதைச் செய்யலாம். 1941 டிசம்பர் இருக்கிறது.

டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்தது. மாத நடுவில் பிரிட்டிஷார் ஐரோப்பியர்களை மட்டும் இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு, உள்ளூர் மக்களிடம் சொல்லாமலே தீவைக் கைவிட்டார்கள். குண்டுவீச்சு நிற்க வேண்டுமானால் தீவில் படை இல்லை என்று யாராவது தெரிவிக்க வேண்டும். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியவர் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர். எல்லா இன மக்களும் சேர்ந்த ஒரு சேவைக் குழு ஊரைக் காக்க முன்நின்றது. 19ஆம் தேதி ஜப்பானியப் படை உள்ளே வந்தது.

ஒரே வாரம், மூன்று உணர்வு. குண்டுக்கு அச்சம், விட்டுவிட்டு ஓடியதற்கு வெகுளி, கொடியை இறக்கியவர் துணிவுக்குப் பெருமிதம். மஹ்ஜோங் தாளில் (பெரிய வெள்ளைத் தாள்) தேதிக்கோடு வரையச் சொல்லி, ஒவ்வொரு தேதியிலும் உணர்வு அட்டையையும் களன் அட்டையையும் ஒட்டச் சொல்லுங்கள். குழுவுக்கு ஐந்து பேர் போதும். ஆறாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பான்.

பீடிகைக்கு வாழைமர நோட்டின் நகல் நல்லது. ஜப்பான் அரசு அச்சடித்த 10 வெள்ளித் தாள். கையில் கொடுத்து "என்ன இருக்கிறது" என்று கேட்காமல் "என்ன இல்லை" என்று கேளுங்கள். ஆண்டு இல்லை, கையெழுத்து இல்லை. பிற்காலத் தாள்களில் வரிசை எண்கூட இல்லை, 'எம்' என்று தொடங்கும் இரண்டு மூன்று எழுத்து மட்டும். எண் இல்லாத தாளை எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாமே என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். விலைவாசி ஏன் ஏறியது என்ற பாடம் அங்கேயே பாதி முடிந்துவிடும். அது மருட்கை, அதன் களன் புதுமை. துயரத்தில் தொடங்கினால்தான் பிள்ளை கவனிக்கும் என்பதில்லை. வியப்பிலும் தொடங்கலாம்.

செபராங் ஆசிரியன் (பினாங்கு)

நடித்துப் பார்க்கும் பாடங்களைப் பற்றியும் பேசுங்கள். கப்பல் தளம் போல் தரையில் கோடு போட்டு 30 பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்து, கப்பலில் வந்த தோட்டத் தொழிலாளர் பட்ட பாட்டை உணரச் செய்வது. ஒரு குழுவைக் கங்காணியாக்கி மற்றவர்களை வேலை வாங்கச் சொல்வது. பிள்ளைகள் ரசிக்கிறார்கள், மறப்பதும் இல்லை.

செந்தூல் வாத்தியார்

ரசிக்கிறார்கள் என்பதே எச்சரிக்கை மணி. கங்காணி வேடம் போட்டவனுக்கு அதிகாரம் இனிக்கிறது, தோழனை ஏவியது மட்டும் நினைவில் நிற்கிறது. அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968இல் கண்ணின் நிறத்தை வைத்து வகுப்பைப் பிரித்தார். உயர்ந்தவர் என்று சொல்லப்பட்ட பிள்ளைகள் எவ்வளவு விரைவில் மற்றவர்களை இழிவாக நடத்தினார்கள் என்பது உலகம் அறிந்தது. அது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. வீட்டில் ஏற்கெனவே அடியோ ஏச்சோ வாங்கும் பிள்ளைக்கு அந்த வேடம் நடிப்பாக இருக்காது.

இன்னொரு குறை, அறிவு சார்ந்தது. ஐந்து நிமிடம் நெருங்கி உட்கார்ந்தவன் "எனக்குப் புரிந்துவிட்டது" என்று நினைக்கிறான். அவனுக்குப் புரிந்தது முழங்கால் வலி. வந்தவரின் கடன், கிராமத்துப் பஞ்சம், திரும்ப வழியில்லாத ஒப்பந்தம் எதுவும் அதில் இல்லை.

இதற்குப் பதில் இரு பத்திப் பயிற்சி. தாளை நெட்டுவாக்கில் மடித்து, இடப்பக்கம் "அவருக்கு அன்று தெரிந்தது", வலப்பக்கம் "அவருக்கு அன்று தெரியாதது, நமக்கு இன்று தெரிந்தது". நாகப்பட்டினத்தில் ஏறியவருக்குக் கூலி எவ்வளவு என்று சொன்னார்கள், தெரியும். பினாங்கை ஒட்டிய பூலாவ் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தி வைப்பார்கள் என்பது பலருக்கும் தெரிந்திருக்காது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்படும் என்று அதற்கு முன் ஏறியவருக்குத் தெரிய வழியே இல்லை. வலப்பக்கம் நீள நீள, "ஏன் வந்தார்கள், முட்டாள்களா?" என்ற கேள்வி தானாக அடங்கும். பிறர் நிலையில் நின்று பார்ப்பது என்றால் இதுதான். இதில் யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை.

ஆலோசக ஆசிரியை (கோலாலம்பூர்)

இரண்டு இடங்களில் பாடம் தடுமாறும், அதை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, சிரிப்பு. பட்டினியால் மெலிந்த உடலின் படத்தைப் பார்த்து ஒருவன் சிரிக்கிறான். உடனே "வெளியே நில்" என்கிறோம். மெய்ப்பாடு அவர்கள் சொன்ன பட்டியலில் நகைக்கும் நான்கு களன் உண்டு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இகழ்ந்து சிரிப்பது வேறு, என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பது வேறு. ஆண்பிள்ளை அழக்கூடாது என்று சொல்லி வளர்த்த வீட்டில் துயரம் சிரிப்பாகத்தான் வெளியே வரும். அருகில் போய், தணிந்த குரலில், "பார்க்கக் கஷ்டமாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று தலையாட்டினால் அது எள்ளல் இல்லை. எள்ளலாக இருந்தால் வகுப்பு முடிந்து தனியாகப் பேசுங்கள்.

இரண்டு, அழுகை. "அழாதே" வேண்டாம். "எல்லாரும் இவளைப் பாருங்கள், எவ்வளவு இரக்கம்" என்று பாராட்டவும் வேண்டாம், அடுத்த வாரம் நான்கு பேர் பாராட்டுக்காக அழுவார்கள். பாடம் தொடங்கும்முன் மேசை ஓரத்தில் ஒரு சிறிய அட்டை வையுங்கள். எடுத்துக் காட்டிவிட்டு யாரையும் கேட்காமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்து 3 நிமிடத்தில் வரலாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தாலே பலருக்கு அது தேவைப்படாது. அண்மையில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் உண்டா என்று வகுப்பாசிரியரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்வது கட்டாயம்.

உணர்வுக்குப் பெயர் சொல்வதே அதைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2007இல் வெளிவந்த மூளைப்பட ஆய்வில், பார்த்த முகத்தின் உணர்வுக்குச் சொல் கொடுத்தபோது அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. ஆகவே அட்டை ஒட்டுவதை விளையாட்டு என்று ஒதுக்காதீர்கள்.

ஆசிரியர் குரல் உடைந்தால்? ஒரு நொடி நின்று "இது எனக்கும் கனமான பாடம்" என்று சொல்லிவிட்டுத் தொடரலாம். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு ஆசிரியரைத் தேற்ற வந்துவிடுவார்கள்.

ஜெலுத்தோங் டீச்சர்

எள்ளல் சிரிப்பையும் செய்வதறியாத சிரிப்பையும் பிரித்துச் சொன்னது மிகவும் உதவும், நன்றி டீச்சர்.

அடுத்த சிக்கல் மெர்டேக்கா (சுதந்திர) மாதம். கொடி, பாட்டு, வண்ண உடை. 2019 ஜூனில் வந்த குடியியல் கல்வியின் நான்கு நெறிகளில் அன்பு, மரியாதை, பொறுப்போடு மகிழ்ச்சியும் ஒன்று. அதனால் பெருமிதமும் மகிழ்ச்சியும் குறையாமல் வருகின்றன. அவற்றுக்கும் களன் கேட்க வேண்டாமா?

பாயான் பாரு

கட்டாயம் கேட்க வேண்டும். பெருமிதத்தின் களன் கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை. "மலேசியன் என்பதில் பெருமை" என்று எழுதிய பிள்ளையிடம், எதற்காக, யார் செய்ததற்காக என்று கேளுங்கள். 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எடுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, பால்மரத் தொழிலாளர்கள் தவணை தவணையாகப் பணம் கட்டிச் சொந்தமாகத் தோட்டம் வாங்கினார்கள். அந்தப் பெருமிதத்துக்கு முகம் உண்டு, தொகை உண்டு. எதற்கு என்று சொல்லத் தெரியாத பெருமிதம் செப்டம்பர் 17 அன்று கொடியோடு சுருட்டி வைக்கப்பட்டுவிடும்.

நாட்டின் கோட்பாடுகளான ருக்குன் நெகாரா உறுதிமொழியும் அப்படித்தான். வாரந்தோறும் சபைகூடலில் ஒப்பித்து ஒப்பித்து வெறும் ஓசையாகிவிட்டது. வாரம் ஒரு கோட்பாடு எடுத்து, இது மீறப்பட்டால் யாருக்கு எந்த உணர்வு வரும் என்று 5 நிமிடம் பேசினாலே உயிர் வந்துவிடும்.

படிவம் நான்கு

ருக்குன் நெகாரா என்றதும் அதற்குக் காரணமான 1969 மே 13 இனக் கலவரம் வந்துவிடுமே. அங்கே அச்சமும் கோபமும் வீட்டிலிருந்தே வருகின்றன. தாத்தா சொன்னது, டிக்டாக்கில் பார்த்தது. ஆசிரியர் எந்தப் பக்கம் பேசினாலும் சிக்கல்.

செந்தூல் வாத்தியார்

இதற்கு ஜெர்மானியர்கள் 1976இல் பாய்ட்டல்ஸ்பாக் என்ற ஊரில் கூடி வகுத்த மூன்று விதி உதவும். மாணவனை அமுக்கி உன் கருத்தை ஏற்றாதே. சமுதாயத்தில் விவாதமாக இருப்பது வகுப்பிலும் விவாதமாகவே இருக்கட்டும். தன் நிலையைத் தானே ஆராய்ந்து செயல்பட மாணவனுக்குத் திறன் கொடு. முதல் விதி உணர்வுக்கும் பொருந்தும். சோக இசை போட்டு ஒரு முடிவுக்குத் தள்ளுவதும் அமுக்குவதுதான்.

மே 13ஐ வன்முறைப் படத்தில் தொடங்காதீர்கள். நிறுவனங்களில் தொடங்குங்கள்: அவசரகாலம், 1971 பிப்ரவரிவரை கூடாத நாடாளுமன்றம், 1970 ஆகஸ்டு 31இல் ருக்குன் நெகாரா. "தாத்தா சொன்னார்" என்று யாராவது சொன்னால் வாயை அடைக்க வேண்டாம். வெண்பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: பார்த்தது, கேட்டது, நினைப்பது. பிள்ளை தானே எந்தப் பத்தியில் எழுதுவது என்று முடிவு செய்யட்டும். பெரும்பாலானவை நடுப்பத்திக்குத்தான் போகும். கேட்டதைக் கேட்டதாகவே வைக்கக் கற்றவன் எளிதில் வெறுப்புக்குள் விழமாட்டான். ஓர் இனத்தின் பெயரால் "அவங்க எல்லாரும்" என்று தொடங்கும் வாக்கியத்தை மட்டும் எந்தப் பத்தியிலும் எழுதவிடக் கூடாது. விதியைப் பாடத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், நடுவில் சொன்னால் அந்தப் பிள்ளையைக் குறிவைத்ததாகிவிடும்.

செபராங் ஆசிரியன்

மதிப்பீடு? நன்னெறியில் சிந்தனை, மனவெழுச்சி, நடத்தை மூன்றும் கேட்கிறார்கள். மனவெழுச்சிக்கு அடைவுநிலை போடுவது எப்படி?

மெய்ப்பாடு

எவ்வளவு உணர்ந்தான் என்பதற்குப் போட முடியாது, போடவும் கூடாது. போட்டால் நடிக்கக் கற்றுக்கொள்வான். இணைப்புக்குப் போடுங்கள். உணர்வை மட்டும் சொன்னால் தொடக்கநிலை. உணர்வையும் களனையும் சொன்னால் அடுத்தது. களனுக்கு ஆதாரம் காட்டினால் அதற்கும் மேல். அதே நிகழ்வில் வேறொருவருக்கு வேறு உணர்வு வந்திருக்கலாம் என்று காரணத்தோடு சொல்லிவிட்டால், நான் மேல்நிலையைத் தயங்காமல் போடுவேன். அழாத பிள்ளையும் மேல்நிலை வாங்கலாம், அதுதான் நியாயம்.

கோபம் எழுந்த பாடத்துக்கு ஒரு செயல் இருக்கட்டும். பள்ளி வாசலில் கடக்கும் கோடு அழிந்துகிடக்கிறதா? மாநகர் மன்றத்துக்கு 120 சொல்லில் கடிதம்: என்ன, எங்கே, எப்போதிலிருந்து, யாருக்கு ஆபத்து, என்ன வேண்டும். வசவு ஒரு சொல்கூட இருக்கக்கூடாது. படிவம் 5 மாணவனுக்கு 17 வயது. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானால் தானாகவே வாக்காளன். கோபத்தை முகவரி எழுதி அனுப்பக் கற்றுக்கொள்ள அவனுக்கு இருப்பது இன்னும் ஓர் ஆண்டு.

ஜெலுத்தோங் டீச்சர்

அட்டைகளைத் தயாரிக்கப் போகிறேன். உணர்வு எட்டும் களன் 32ஆகவும் 40 அட்டை, ஆறு குழுவுக்கு 240. முதல் பாடத்துக்கே எல்லாம் வேண்டுமா?

மெய்ப்பாடு

வேண்டாம் டீச்சர். முதல் பாடத்துக்கு அழுகை, வெகுளி, பெருமிதம் மூன்று போதும். களனோடு குழுவுக்கு 15, ஆறு குழுவுக்கு 90. ஏ4 மணிலா அட்டையை எட்டாக வெட்டினால் 12 தாள். உணர்வுக்கு மஞ்சள் 3 தாள், களனுக்கு வெள்ளை 9 தாள். மஞ்சளில் மிஞ்சும் ஆறு அட்டையில் எதுவும் எழுதாமல் குழுவுக்கு ஒன்று கொடுங்கள். பட்டியலில் இல்லாத ஓர் உணர்வு எந்தப் பிள்ளைக்காவது வரும்.